ஈலி: சதுப்பு நிலத்துக் கப்பலும் அதைச் சுமந்த மக்களும்

இங்கிலாந்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அரசர்களின் வரலாறாகவே கற்று வந்தோம். ஆங்கிலேயர் ஆட்சியில் நமது பாடசாலைகளில் வைக்கப்பட்ட பாடநூல்கள் அவ்வாறே எழுதப்பட்டிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து இந்நாட்டு மாணவர்கள் கேம்பிரிட்ஜ்ப் பரீட்சைகளுக்குத் தோற்றினார்கள். நோர்மண்டி வில்லியம் எந்த ஆண்டில் வந்தான், எட்டாம் ஹென்றி எத்தனை மனைவியரை மணந்தான், குரொம்வெல் எந்தப் போரில் வென்றான் என்பவற்றையெல்லாம் அவர்கள் நெட்டுருப் பண்ணினார்கள். அதே கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து ஒருநாட் படகுப் பயணத் தொலைவில், ஆங்கில நாட்டு ஏழை மக்களின் வரலாறு கல்லிலும் மண்ணிலும் நீரிலும் எழுதிக் கிடக்கிறது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

அந்த இடத்தின் பெயர் ஈலி. கேம்பிரிட்ஜிலிருந்து வடக்கே காம் நதியின் வழியாகவும், பின்னர் அது சென்று கலக்கும் ஊஸ் நதியின் வழியாகவும் ஏறக்குறைய 17 மைல் சென்றால் இந்நகரை அடையலாம். ஏறத்தாழ இருபதினாயிரம் மக்கள் வாழும் சிறிய நகரம் அது. எனினும் இங்கிலாந்தின் தலைசிறந்த பேராலயங்களுள் ஒன்று அங்கேதான் நிற்கிறது. புகையிரதத்தில் ஏறினால் கால் மணித்தியாலத்திற் போய்விடலாம். ஆனால் ஈலியை அறிய விரும்புவோர் நீர்வழியே செல்வதுதான் முறை. 1845இல் புகையிரதப் பாதை வரும்வரை அந்நகருக்கு வேண்டிய கல்லும் மரமும் தானியமும் பெரும்பாலும் ஆற்றின் மேலேயே வந்து சேர்ந்தன. நகரத்தை வளர்த்த வழி எதுவோ அவ்வழியாகச் சென்றாலன்றி நகரம் விளங்காது.

கேம்பிரிட்ஜை விட்டுப் புறப்பட்ட படகு பொட்டிஷம் என்னும் இடத்து மடையைத் தாண்டியதும் ஒரு விந்தையைக் காணலாம். ஆறு தாழ்விலும் வயல் மேட்டிலும் இருப்பதே இயற்கை. இங்கோ ஆறு மேட்டிலே ஓடுகிறது. வயல் பள்ளத்திலே கிடக்கிறது. இரு மருங்கும் உயர்ந்த அணைகளுக்கிடையே நீர் அடைபட்டு நகர்கிறது. அணைமேல் ஏறி நின்று பார்த்தால் கோதுமை வயல்களும் கிழங்குத் தோட்டங்களும் கரிய மண்ணுமாக நிலம் நமது காலுக்குக் கீழே விரிந்து கிடக்கும். இன்னுஞ் சிறிது தூரம் சென்றதும் தட்டையான அந்நிலப்பரப்பின் எல்லையில் ஓர் உருவம் எழும். நெடிய கோபுரமும் நீண்ட முதுகும் நடுவே முடிபோன்ற கூண்டும் கொண்ட அவ்வுருவம், அசையாது நிற்கும் பெருங்கப்பல் ஒன்றைப் போலத் தோன்றும். ஈலிப் பேராலயத்தைச் 'சதுப்பு நிலத்துக் கப்பல்' என்று ஆங்கிலேயர் அழைப்பதன் காரணம் இதுதான். 500 அடிக்கு மேல் நீளமும் மேற்குக் கோபுரத்தில் 215 அடி உயரமும் கொண்ட கட்டடம் அது.

இந்தக் காட்சியின் அழகைப் பாடிய கவிஞரும் தீட்டிய ஓவியரும் பலர். நாம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. இக்கப்பலை மிதக்கவிட்ட நீர் யாருடையது? அந்த நீர் எங்கே போயிற்று? ஆறு ஏன் வயலுக்கு மேலே ஓடுகிறது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால் ஆயிரம் ஆண்டுக்கால வர்க்க வரலாறு ஒன்று நம் கண்முன் விரியும்.

ஒருகாலத்தில் ஈலி உண்மையாகவே ஒரு தீவு. கடலோரத்திலிருந்து உள்நாடு வரையும் பரந்து கிடந்த சதுப்பு நிலத்தின் நடுவே, களிமண் மேடாக அது எழுந்து நின்றது. அந்நீர்ப்பரப்பில் விலாங்கு மீன் மிகுதி. ஊரின் பெயரே விலாங்கிலிருந்து பிறந்தது என்று 8ஆம் நூற்றாண்டில் எழுதிய பீட் என்னும் துறவி கூறுகிறார். 673இல் எதெல்றீடா என்னும் அரசகுமாரி இங்கே ஒரு மடத்தை நிறுவினாள். டேனியர் அதனை அழித்தனர். 970இல் அது மீண்டும் துறவிகளின் மடமாக எழுந்தது. 11ஆம் நூற்றாண்டில் கனூட் மன்னன் படகில் ஈலியை நெருங்கும்போது துறவிகளின் இசை நீர்மேல் மிதந்து வந்ததென்றும், அதைக் கேட்டு அவன் பாட்டுக் கட்டினான் என்றும் அம்மடத்தின் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அந்தப் பாட்டில் மன்னன் இருக்கிறான், துறவிகள் இருக்கிறார்கள், படகு வலித்தவர்களுக்கு அரசனின் ஏவல் மட்டுமே உண்டு. ஈலிக்குப் படகிற் சென்ற கதைகளுள் நாமறிந்த மிகப் பழையது இதுவே. அது சொல்லப்பட்ட முறையே வரலாறு எழுதப்பட்ட முறையையும் காட்டி விடுகிறது.

1066இல் நோர்மண்டியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அவர்களை எதிர்த்தவர்களுக்கு ஈலித் தீவு கடைசிப் புகலிடமாயிற்று. ஹெரவார்ட் என்பவனின் தலைமையில் 1070ஆம், 1071ஆம் ஆண்டுகளில் அவர்கள் இங்கிருந்து போரிட்டனர். சதுப்பு நிலமே அவர்களுக்கு அரண். பெருஞ்சேனை வைத்திருந்த வில்லியமால் நீரையும் நாணலையும் எளிதிற் கடக்க முடியவில்லை. ஈற்றில் மடத்தின் நிலங்களை இழக்க அஞ்சிய துறவிகள் அரசனோடு உடன்பட்டு வழிவிட்டனர் என்று பழைய வரலாறு கூறும். சொத்துள்ள நிறுவனம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இது புதிய உதாரணமன்று.

வெற்றி பெற்றவர்கள் 1083இல் புதிய ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். 1109இல் ஈலி மேற்றிராணியாரின் தலைமை நகராயிற்று. தம் ஆட்சி நிலையானது என்பதைத் தோற்ற மக்களுக்குக் காட்டவே நோர்மண்டியர் நாடெங்கும் கோட்டைகளையும் பேராலயங்களையும் எழுப்பினர். ஈலித் தீவில் நல்ல கட்டடக் கல் கிடையாது. பீற்றர்பரோ மடத்துக்குச் சொந்தமான பார்னக் கற்குழிகளிலிருந்து கல்லை வெட்டி, சதுப்பு நிலத்து ஆறுகளின் வழியாக ஓடங்களிற் கொண்டு வந்தனர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 8000 விலாங்குகள் கொடுக்கப்பட்டன என்பர். 1086இல் வில்லியம் எடுப்பித்த நிலக் கணக்கேட்டில், ஈலிக்கு அருகேயுள்ள லிற்றில்போர்ட் என்னும் ஊரின் மீன்பிடியிலிருந்து மட்டும் 17,000 விலாங்குகள் வருமானமாகக் காட்டப்பட்டுள்ளன. விலாங்கு தானாகக் கரையேறி வருவதில்லை. பனிக்காலத்து இரவுகளில் இடுப்பளவு நீரில் நின்று கூடு வைத்துப் பிடித்தவன் ஒருவன் இருந்தான். பேராலயத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் அவனுடைய குளிரும் பசியும் இருக்கின்றன.

மடத்துக்கும் மேற்றிராணியாருக்கும் சொந்தமான நிலங்களில் வாழ்ந்த குடியானவர்கள் சுதந்திர மனிதர் அல்லர். அவர்கள் தமது சிறு நிலத்தைப் பயிரிடும் உரிமைக்காக வாரத்திற் குறித்த நாட்களில் பிரபுவின் நிலத்தில் வேலை செய்ய வேண்டும். 1251ஆம் ஆண்டளவில் ஈலி மேற்றிராணியாரின் நிலங்களுக்காகத் தொகுக்கப்பட்ட பெரிய ஏடு, எந்தக் குடி எத்தனை நாள் உழ வேண்டும், எத்தனை நாள் அறுக்க வேண்டும் என்றெல்லாம் நுணுக்கமாக வரையறுத்துச் சொல்கிறது. அன்பையும் எளிமையையும் போதித்த சமயபீடம் கணக்கில் மிகவும் கண்டிப்பானதாக இருந்தது. நிலப்பிரபுத்துவத்தின் இயல்பு அது. பிரபு அங்கி அணிந்திருந்தாலும் கவசம் அணிந்திருந்தாலும் அதில் வேறுபாடு இல்லை.

1322 பெப்ரவரியில் ஓர் இரவு, ஆலயத்தின் நடுக்கோபுரம் பேரிரைச்சலோடு இடிந்து விழுந்தது. அப்போது கட்டடங்களுக்குப் பொறுப்பாயிருந்த துறவி வோல்சிங்காம் அலன் என்பவர். விழுந்த கோபுரத்தை அப்படியே மறுபடி எழுப்பாமல், நான்கு தூண்கள் நின்ற இடத்தை அகலப்படுத்தி எட்டுப் பக்கமுள்ள பெரிய மண்டபமாக்கத் தீர்மானித்தனர். 70 அடிக்கு மேற்பட்ட அந்த அகலத்தைக் கல் வளைவால் மூடுதல் அக்காலத்தில் இயலாத காரியம். ஆகவே அரசனின் தச்சர் வில்லியம் ஹேர்லி வரவழைக்கப்பட்டார். எட்டு மூலைகளுக்கும் ஒவ்வொன்று ஏறத்தாழ 63 அடி நீளமான ஓக் மரத் தூண்கள் வேண்டியிருந்தன. அவ்வளவு பெரிய மரங்களுக்காக நாட்டின் காடுகளில் தேடி அலைந்தனர். அவற்றை வெட்டி, இழுத்து, நீர்வழியே மிதக்க விட்டு, ஈலியின் மேட்டில் ஏற்றி, நூறடி உயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தினர். 1342 அளவில் அந்தக் கூண்டு முற்றுப்பெற்றது. கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பவனுக்கு அது காற்றில் தொங்கும் நட்சத்திரம் போலத் தெரியும். ஒளி மேலிருந்து இறங்கி மண்டபம் முழுவதையும் நிறைக்கும்.

இந்த இடத்தில் நமது நண்பர்கள் சிலரோடு நாம் மாறுபட வேண்டியிருக்கிறது. சுரண்டலின் மேல் எழுந்த கலையை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். ஆலயம் ஆளும் வர்க்கத்தின் கருவியாயிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மரங்களின் பாரம் எங்கே இறங்கும், எந்தப் பொருத்து எந்தச் சுமையைத் தாங்கும் என்பதை அறிந்தவர்கள் மேற்றிராணியார் அல்லர். தச்சரும் கல்தச்சரும் கொல்லருமே. அக்காலக் கட்டட வேலைகளின் கணக்கேடுகளிற் சில இன்றும் எஞ்சியிருக்கின்றன. கல்லுக்கும் மரத்துக்கும் ஈயத்துக்கும் வண்ணத்துக்கும் கொடுத்த பணத்தோடு வேலையாட்களின் கூலியும் அவற்றிற் பதியப்பட்டுள்ளது. அந்தக் கூண்டு மக்களின் அறிவு. அதனைப் பிரபுக்களின் சொத்து என்று நாமே எழுதிக் கொடுத்து விடுவோமாயின், மக்கள் ஒருமுறை இழந்ததை இரண்டாம் முறையும் இழக்கச் செய்தவர்கள் ஆவோம். போற்றுதலும் விசாரணையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அம்மக்கள் எப்போதும் பணிந்தே இருந்தவர்களும் அல்லர். 1348, 1349ஆம் ஆண்டுகளில் கொள்ளை நோய் நாட்டின் மக்களிற் பெரும்பகுதியை வாரிச் சென்றது. உழைப்போர் குறைந்ததால் அவர்களின் கூலி உயர்ந்தது. கூலியை உயரவிடாது தடுக்க ஆளுவோர் சட்டஞ் செய்தனர். பின்னர் தலைவரியும் விதித்தனர். 1381 ஜூனில் தென்கிழக்கு இங்கிலாந்தின் குடியானவர்கள் எழுந்தபோது ஈலியும் எழுந்தது. மேற்றிராணியாரின் சிறை உடைக்கப்பட்டது. நீதவான் ஒருவர் தலையை இழந்தார். அதே நாட்களிற் கேம்பிரிட்ஜ் நகர மக்கள் பல்கலைக்கழகத்தின் பத்திரங்களைச் சந்தை வெளியிற் போட்டு எரித்தனர். அறிவின்மீது கொண்ட வெறுப்பென்று இதனைச் சிலர் எழுதினர். ஆனால் எரிந்தவற்றுள் மக்களை அடக்கி வைத்த உரிமைச் சாசனங்கள் இருந்தன என்பதை மறத்தல் ஆகாது.

1539இல் எட்டாம் ஹென்றி ஈலி மடத்தைக் கலைத்தான். அடுத்த சில ஆண்டுகளில் ஆலயத்தின் சிலைகள் உடைக்கப்பட்டன. 1349இல் முடிந்த மாதா ஆலயத்தின் சுவர்களில் தலையில்லாத சிற்பங்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. சிலைகளின் தலைகள் போயின, மேற்றிராணியார் போகவில்லை, அவருடைய நீதிமன்றமும் சிறையும் போகவில்லை. இங்கிலாந்தெங்கும் மடங்களின் நிலங்கள் கைமாறிப் புதிய செல்வந்தர்களை உண்டாக்கின. அந்தப் புதிய செல்வந்தர்களின் கண் அடுத்த நூற்றாண்டிற் சதுப்பு நிலத்தின் மேல் விழுந்தது.

சதுப்பு நிலம் பயனற்ற தரிசு என்று அவர்கள் சொன்னார்கள். அதில் வாழ்ந்த மக்களுக்கு அது அப்படியன்று. விலாங்கும் ஏனைய மீன்களும் நீரில் இருந்தன. காட்டு வாத்துகள் வானத்தில் இருந்தன. கூரைக்கு நாணலும், அடுப்புக்குக் கரிய மண்கட்டியும், கூடை முடைய அலரிக் கொம்பும் கிடைத்தன. கோடையில் நீர் வடிந்த இடங்களில் மாடுகள் மேய்ந்தன. இவற்றை எடுக்கும் உரிமை தலைமுறை தலைமுறையாக ஊருக்குப் பொதுவானது. ஏட்டில் நிலமில்லாதவனுக்கும் இந்தப் பொதுவுடைமை ஓரளவு சுயமரியாதையைக் கொடுத்தது. பட்டினி வந்தாலும் ஒருவன் பண்ணைக்காரனின் வாசலிற் போய் நிற்க வேண்டியதில்லை.

1630ஆம் ஆண்டளவில் பெட்போர்ட் பிரபு தலைமையில் ஒரு குழுவினர் இந்நிலத்தின் நீரை வடிக்க ஒப்பந்தஞ் செய்தனர். முதலிட்ட பணத்துக்கு ஈடாக 95,000 ஏக்கர் நிலம் அவர்களுக்கு உரியதாகும் என்பது ஏற்பாடு. ஒல்லாந்து நாட்டுப் பொறியியலாளர் கொர்னேலியஸ் வெர்மைடன் வேலையை நடத்தினார். வளைந்து வளைந்து சென்ற ஊஸ் நதியின் நீரை நேராகக் கடலை நோக்கிச் செலுத்த 21 மைல் நீளமும் 70 அடி அகலமும் கொண்ட கால்வாய் வெட்டப்பட்டது. 1651இல் அதற்குப் பக்கத்தில் 100 அடி அகலமான இரண்டாவது கால்வாய் வெட்டப்பட்டது. மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? டன்பார்ப் போரில் 1650இற் பிடிபட்ட ஸ்கொத்லாந்துக் கைதிகள். பின்னர் கடற்போரிற் பிடிபட்ட ஒல்லாந்துக் கைதிகள். உள்ளூர் மக்கள் இரவில் வந்து அணைகளை உடைத்தனர், வேலைக்காரரைத் துரத்தினர். அவர்களைச் 'சதுப்பு நிலப் புலிகள்' என்று பிற்காலத்தவர் அழைத்தனர்.

இந்தப் போராட்டத்தின் நடுவே நிற்கும் மனிதர் ஒலிவர் குரொம்வெல். 1636இல் உறவினர் ஒருவரின் உரிமைச்சொத்தாக வந்த வீட்டில், ஈலியிலே அவர் சுமார் பத்தாண்டு குடும்பத்தோடு வாழ்ந்தார். ஆலயத்துக்குச் சேர வேண்டிய தசமபாக வரியைத் திரட்டுவதே அவருடைய தொழில். நிலவடிப்புக்கு எதிராகப் பொதுநிலக் குடிகளுக்காக வழக்காட அவர் முன்வந்திருக்கிறார் என்று அக்காலத்தில் அரசாங்கத்துக்குச் செய்தி போயிற்று. அவரை வெறுத்த அரச கட்சியினர் 'சதுப்பு நிலங்களின் பிரபு' என்று கேலி செய்தனர். ஆனால் 1649இல் அரசனின் தலை வீழ்ந்த அதே ஆண்டில், பாராளுமன்றம் நிலவடிப்புக்குப் புதிய சட்டம் செய்தபோது குரொம்வெல் அதன் பக்கம் நின்றார். 1653இற் பொதுநிலக் குடிகள் மறுபடி எழுந்தபோது அவர்களை அடக்கப் படையையும் அனுப்பினார்.

இதைத் தனிமனிதரின் துரோகம் என்று மட்டும் கொள்வது போதாது. அரசனின் எதேச்சாதிகாரத்தை எதிர்க்கும்வரை வளரும் முதலாளி வர்க்கத்துக்கு மக்களின் துணை வேண்டியிருந்தது. அதிகாரம் கைக்கு வந்ததும் நிலத்தைத் தனிச்சொத்தாக்குவதே அதன் பணியாயிற்று. 1649இலேயே குரொம்வெல் அயர்லாந்தின் மேற் படையெடுத்தார். அங்கும் போருக்குப் பணம் முதலிட்டவர்களுக்கு அயர்லாந்து மக்களின் நிலம் வாக்களிக்கப்பட்டிருந்தது. சதுப்பு நிலத்து முதலீட்டாளருக்கும் அயர்லாந்து முதலீட்டாளருக்கும் ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் ஒன்றே. குடியேற்ற ஆட்சி கடல் கடந்து போன பின்னர் பிறந்த குணமன்று. தன் வீட்டு ஏழையிடம் பழகிக்கொண்ட குணமே கடல் கடந்தும் போயிற்று.

நிலவடிப்பால் நன்மை விளையவில்லை என்று நாம் கூறவில்லை. நீர் நின்ற இடத்திற் கோதுமை விளைந்தது. அங்கு மக்களை வாட்டிய குளிர்க்காய்ச்சல் காலப்போக்கில் மறைந்தது. அக்காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் அபினைத் தவிர வேறு மருந்தறியாத ஏழைகள் 19ஆம் நூற்றாண்டிலும் வீட்டுத் தோட்டத்தில் கசகசாச் செடி வளர்த்து அதன் காயை அவித்துக் குடித்து வந்தனர். ஈலிச் சந்தை நாளில் அபின் உருண்டைகளை வாங்கிச் சென்றனர். அதே நூற்றாண்டில் சீனாவுக்குள் அபினைத் திணிக்க ஆங்கில அரசு போரே தொடுத்தது. அறிவியலால் நிலத்தைத் திருத்துவது முன்னேற்றமே. அந்த முன்னேற்றத்தின் பயன் யாரைச் சேர்ந்தது, விலையை யார் கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

நிலமும் ஒரு விலை கேட்டது. மக்கிய தாவரங்களால் ஆன அந்தக் கரிய மண் நீரை உறிஞ்சி உப்பியிருந்தது. நீர் வடிந்ததும் அது சுருங்கியது. காற்றுப் பட்டதும் கரைந்தது. நிலம் தாழத் தாழ, ஆறுகள் மேட்டில் நின்றன. நாம் முதலிற் கண்ட விந்தையின் காரணம் இதுதான். தானாக ஓடிய நீரைப் பின்னர் காற்றாலைகள் கொண்டு இறைத்து ஆற்றிற் கொட்ட வேண்டியதாயிற்று. காற்றாலைகள் போதாமல் நீராவி இயந்திரங்கள் வந்தன. ஸ்ரெதம் என்னும் இடத்தில் 1831இல் நிறுவப்பட்ட இயந்திரம் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. பீற்றர்பரோவுக்கு அருகேயுள்ள ஹோம் என்னும் சதுப்பில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலமட்டத்தோடு சரியாக நாட்டப்பட்ட இரும்புத் தூண் ஒன்று, இன்று ஏறக்குறைய 13 அடி வெளியே தெரிய நிற்கிறது. தூண் உயரவில்லை, மண் இறங்கிவிட்டது. 1947 மார்ச் மாதத்து வெள்ளத்தில் அணைகள் உடைந்து பெரும் நிலப்பரப்பு மறுபடியும் நீருள் மூழ்கியது.

இனி, ஈலி நகரினுள் நாம் அவசியம் பார்க்க வேண்டிய ஓர் இடத்துக்கு வருவோம். படகுத்துறையில் இறங்கி மேடேறிச் செல்வோர் பேராலயத்தைப் பார்க்கின்றனர். சிறிது அப்பால் இன்று அருங்காட்சியகமாயுள்ள குரொம்வெல்லின் வீட்டைப் பார்க்கின்றனர். அவ்வீட்டுக்குப் பக்கத்திலேயே பரிசுத்த மரியாள் ஆலயம் உண்டு. அதன் கோபுரச் சுவரிற் பதிக்கப்பட்டுள்ள கல்வெட்டு ஒன்றைப் பார்ப்போர் சிலரே. வில்லியம் பீமிஸ், ஜோர்ஜ் குரோ, ஜோன் டெனிஸ், ஐசக் ஹார்லி, தோமஸ் சவுத் என்னும் ஐந்து பெயர்கள் அதில் இருக்கின்றன. ஐவரும் 1816 ஜூன் 28இல் தூக்கிலிடப்பட்டு ஒரே குழியிற் புதைக்கப்பட்டவர்கள்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? நெப்போலியனோடு நடந்த போர் 1815இல் முடிந்தது. படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை இல்லை. வெளிநாட்டுத் தானியம் மலிவாக வந்து தமது விலையைக் குறைத்து விடாதபடி நிலச்சொந்தக்காரர் நிறைந்த பாராளுமன்றம் அதே ஆண்டிற் சட்டஞ் செய்தது. பொதுநிலம் போன பின்னர் கூலி ஒன்றையே நம்பியிருந்த மக்களுக்கு ரொட்டி எட்டாத பொருளாயிற்று. 1816 மே 22இல் லிற்றில்போர்ட்டில் மக்கள் எழுந்தனர். செல்வர் வீடுகள் சூறையாடப்பட்டன. நீதவானாகவும் இருந்த ஊர்க்குரு ஓடித் தப்பினார். மறுநாள், வாத்துச் சுடும் நீண்ட துப்பாக்கிகளை வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டு அவர்கள் ஈலிக்கு நடந்தனர். நீதவான்கள் அஞ்சி, நாட்கூலி இரண்டு சிலிங் என்று ஒப்புக்கொண்டனர். இரண்டு சிலிங்! கேட்டவர்களின் ஆசை அவ்வளவே. அதற்கடுத்த நாள் குதிரைப்படை வந்தது. கொடுத்த வாக்கும் கரைந்தது.

ஈலித் தீவில் உலகியல் நீதி வழங்கும் அதிகாரம் அப்போதும் மேற்றிராணியாருக்கு இருந்தது. அதை நீக்கப் பாராளுமன்றம் சட்டஞ் செய்தது 1836இலேதான். ஜூன் 17இல் விசேட நீதிமன்றம் கூடுமுன் நீதிபதிகள் பேராலயத்திற்குச் சென்று வழிபட்டனர். பிரசங்கஞ் செய்தவர் ஹென்றி பேற் டட்லி. அவர் மதகுரு, கலகத்தை அடக்கப் படையோடு வந்த நீதவானும் அவரே. சட்டம் நீதிமானுக்காக அன்று, அடங்காதவனுக்காகவே உண்டாயிற்று என்பது அவர் எடுத்துக்கொண்ட வசனத்தின் பொருள். தச்சர்களின் அறிவால் மேலிருந்து ஒளி இறங்கும் அதே மண்டபத்தில் அச்சொற்கள் ஒலித்தன. 24 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஐவரைத் தூக்கிலிட்டு, மற்றவரை நாடு கடத்தவும் சிறையிலிடவும் முடிவாயிற்று. அந்த ஐவரையும் தூக்குமரத்துக்குக் கொண்டுசெல்ல ஊரில் எவரும் வண்டி கொடுக்க முன்வராமையால் ஐந்து கினி கொடுத்து வண்டி பிடிக்க வேண்டியதாயிற்று என்பர். பேச முடியாத மக்கள் தம் தீர்ப்பை அவ்வாறு சொன்னார்கள்.

அக்கல்வெட்டை அம்மக்கள் வைக்கவில்லை, அதிகாரிகளே வைத்தார்கள். இவர்களின் கொடிய முடிவு மற்றவர்க்கு எச்சரிக்கையாகட்டும் என்ற கருத்தோடு அது முடிகிறது. அச்சுறுத்துவதற்காகப் பொறித்த கல் அது. ஆனால் அக்கல் இல்லாவிடில், அந்த ஐவரின் பெயர்கள் அவ்வூர்த் தெருவில் நடப்பவன் கண்ணில் படாமற் போயிருக்கும். விலாங்கு பிடித்தவனுக்கும், கல் சுமந்தவனுக்கும், கால்வாய் வெட்டி அங்கேயே மாண்ட கைதிக்கும் அவ்வாறான கல்லும் இல்லை.

அந்த ஐவரின் மரணத்தோடு துன்பம் தீரவில்லை. பெண்களையும் சிறுவரையும் கூட்டமாகத் திரட்டிப் பண்ணை பண்ணையாக வேலைக்குக் கொண்டுசெல்லும் கங்காணி முறை இந்தச் சதுப்பு நில மாவட்டங்களில் வளர்ந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அத்தகைய கூட்டங்களிற் சேர்க்கலாகாது என்று 1867இற் சட்டம் வந்தது. எட்டு வயதாகாத பிள்ளைகள் அதுவரை வயலில் நின்றார்கள் என்பதற்கு அச்சட்டமே சாட்சி. மெல்ல மெல்லச் சங்கமும் வாக்குரிமையும் கல்வியும் வந்தன. எவரும் கருணையால் அவற்றைக் கொடுத்து விடவில்லை.

நமது மாணவருக்கு இங்கிலாந்தின் வரலாற்றைப் போதிக்கும்போது இரண்டு தவறுகளை விலக்க வேண்டும். வெள்ளையனின் பெருமை என்று பேராலயத்தின் முன் வாய்பிளந்து நிற்பது ஒன்று. ஆண்ட நாட்டின் மக்கள் எல்லோருமே நம்மைச் சுரண்டியவர்கள் என்று ஒரே கோட்டில் அடித்து விடுவது மற்றையது. ஆள்வோரின் இங்கிலாந்து ஒன்றும் உழைப்போரின் இங்கிலாந்து ஒன்றுமாக இரண்டு இங்கிலாந்துகள் இருந்தன. பாடநூலில் முதலாவது மட்டுமே நம்மிடம் வந்தது. இரண்டாவதை நாமே தேடிப் படிக்க வேண்டும். வில்லியம் மன்னனின் பெயரை அறிந்த மாணவன் வில்லியம் ஹேர்லி என்னும் தச்சனின் பெயரையும், வில்லியம் பீமிஸ் என்னும் தூக்கிலிடப்பட்டவனின் பெயரையும் அறியட்டும். மூன்று வில்லியம்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கற்றவனே வரலாறு கற்றவன்.